வைகுராவில் ஒரு வாளிச் சத்தம்

செல்வியைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதற்காகத்தான் நான் நியூசிலாந்து போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல.

எங்களுக்குத் தியாகராய நகரில் பாத்திரக்கடை. சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். ஆனால் மாம்பலத்தில் ரயில் இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே இன்று வியாபாரம் எப்படி என்று சொல்லிவிடும் அளவுக்கு நானும் வீட்டுக்காரரும் இந்தத் தெருவில் ஊறிப்போனவர்கள். ஒரே மகள். இன்ஜினியரிங் படித்தாள், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்த்தாள். ஒருநாள் அதை விட்டுவிட்டு நியூசிலாந்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் பால் கறக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் கேட்டால் "ஃபாரின்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அதற்குமேல் தோண்டுகிறவர்களிடம் வீட்டுக்காரர் "டெய்ரி சைடு" என்பார், ஏதோ பெரிய கம்பெனி மாதிரி.

அடையாறில் இரண்டாவது கடைக்கு இடம் பிடித்திருந்தோம். செல்வி வந்து அங்கே உட்காரவேண்டும் என்பது அவருடைய கணக்கு. போனில் சொன்னால் அவள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். "நீ நேர்ல போ. ஒன் மூஞ்சியப் பாத்தா மறுக்க மாட்டா" என்றார். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, பாத்திரக்கடையில் ஈ ஓட்டலாம். தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் இரண்டு பேரும் திரும்பிவிடவேண்டும் என்று பேச்சு.

கடையில் வாசலைப் பார்த்துக்கொள்ளும் பரிமளா என் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் அரசாங்கம் வீடு கொடுத்து அனுப்பிவிட்டதால் இரண்டு பஸ் மாறி வருகிறாள். "இன்னாக்கா, பொண்ண இட்டுனு வரப் போறியா, இல்ல அங்கியே கடை போடப் போறியா? இம்மாம் வெயிட்டு கீது" என்றாள்.

அந்த வெயிட்டில் பாதி நியூசிலாந்து விமான நிலையத்திலேயே போனது. கையுறை போட்ட ஒரு பையன் என் பெட்டியை மேசையில் பரப்பி, கறிவேப்பிலையையும் நெத்திலிக் கருவாட்டையும் இரண்டு விரலால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். முறுக்கைத் தட்டிப் பார்த்து, இது என்ன இயந்திரத்தின் பாகம் என்று கேட்டான். ஒன்றை உடைத்துக் கொடுத்தேன், வேலை நேரத்தில் தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டான். பண்ணைக்குப் போகிறேன் என்றதும் என் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே எடுத்துப்போய், தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தான். ஐம்பத்திரண்டு வயதில் என் செருப்பைக் கழுவிக் கொடுத்த முதல் ஆண்பிள்ளை அவன்தான்.

கடைசியாக ஏறிய பஸ்ஸில் என்னைத் தவிர எல்லோரும் பனியாறு பார்க்கப் போகிறவர்கள். மலை உச்சியிலிருந்து பனிக்கட்டி ஆறு மாதிரி வழிந்து காட்டுக்குள் இறங்கி நிற்குமாம். அதைப் பார்க்க உலகமெங்கிலுமிருந்து வருகிறார்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் வைகுரா என்ற ஊரில்தான் செல்வி இருந்தாள். 'வை' என்றால் அந்த ஊர்ப் பூர்வகுடிகளின் மொழியில் தண்ணீராம். நமக்கு வைகை, அவர்களுக்கு வைகுரா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் செங்குத்தான மலை, நடுவே பச்சைப் பாய் விரித்த மாதிரி புல்வெளி.

ஊர் வருவதற்குச் சற்று முன் பஸ் நின்றது. சாலையை மறித்துக்கொண்டு மாடுகள் போய்க்கொண்டிருந்தன. போய்க்கொண்டே இருந்தன. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிப் படம் எடுத்தார்கள். எனக்கு எரிச்சல். மாடு மறித்துப் பஸ் நிற்பதைப் பார்க்க நான் மயிலாப்பூர் மாடவீதிக்குப் போனால் போதுமே. கடைசி மாட்டுக்குப் பின்னால், சேறு படிந்த நாலு சக்கர பைக்கில், இடுப்புவரை ரப்பர் உடுப்பும் முழங்கால்வரை பூட்ஸுமாக ஒரு உருவம் வந்தது. முன்னால் ஒரு கறுப்பு நாய் உட்கார்ந்திருந்தது. உருவம் பஸ்ஸை நோக்கிக் கையை ஆட்டியது.

அது என் மகள்.

"ஏட்டி, என்னட்டி இது கோலம்" என்றேன் ஜன்னல் வழியாக.

"பால் கறக்கற நேரம்மா. நீ பஸ்லயே போ, கடை வாசல்ல எறங்கு. கறந்துட்டு வந்துடறேன்."

ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "செல் உங்கள் மகளா?" என்றார். அங்கே அவள் பெயரைப் பாதியாக்கி வைத்திருந்தார்கள். ஆமாம் என்றேன். மனிதர் ஒலிபெருக்கியை எடுத்து, இந்த மாடுகளை ஓட்டிப் போகிற பெண்ணின் தாயார் நம் பஸ்ஸில் இருக்கிறார் என்று அறிவித்துவிட்டார். பஸ் முழுக்கக் கைதட்டியது. எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

வைகுராவில் ஒரே தெரு. ஒரே கடை. அதிலேயே பெட்ரோல், தபால், ரொட்டி, ஆணி, மாட்டு மருந்து எல்லாம். எங்கள் தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கடைகள்கூட அந்த ஊர் மொத்தத்தில் இல்லை. ஒரு பள்ளிக்கூடம், ஒரு சாராயக்கடை, ஊர்க்கூட்டம் போட ஒரு தகரக் கூரை மண்டபம். பனியாற்றுக்குப் போகும் பஸ்கள் காபிக்கும் கழிப்பறைக்கும் நிற்கும், அப்புறம் போய்விடும். தலைக்கு மேலே பணக்காரர்களைப் பனிமேல் இறக்கிவிடும் ஹெலிகாப்டர் பறந்துகொண்டே இருக்கும். ஊர்க்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவர்களுக்குப் புல் வளர்ந்ததா, பால் வண்டி வந்ததா, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, இவ்வளவுதான் பேச்சு. கடுகு அளவுகூட இல்லாத ஒரு பூச்சி இருக்கிறது, கால் தெரிந்தால் போதும். நம் கூவத்துக் கொசுவாவது பாடிவிட்டுக் கடிக்கும். இது சொல்லாமல் கொள்ளாமல் கடிக்கும்.

பண்ணைக்குச் சொந்தக்காரி ஜேனட். கணவரை இழந்தவள், அறுபதைத் தாண்டியவள், இரண்டு முழங்காலும் தேய்ந்து பக்கவாட்டில் ஆடி ஆடி நடப்பாள். முதல் நாள் ராத்திரி எனக்காக ஆட்டுத் தொடையை அடுப்பில் வாட்டி வைத்திருந்தாள். புரட்டாசி சனிக்கிழமை. நான் விழித்தேன். செல்வி அவளிடம் என்னவோ சொன்னாள். "பெருமாளுக்கா? சரி, ஆட்டை நாளைக்கு வைத்துக்கொள்வோம். உருளைக்கிழங்குக்குப் பெருமாள் ஒன்றும் சொல்லமாட்டாரே?" என்று கேட்டாள் ஜேனட். அந்தக் கேள்வியிலேயே அவளை எனக்குப் பிடித்துப்போனது. உருளைக்கிழங்கும் பூசணியும் வெண்ணெயும் வைத்து, என் இட்லிப்பொடியைத் தூவிச் சாப்பிட்டோம். மறுநாளிலிருந்து அவள் முட்டைக்கும் அந்தப் பொடியைத்தான் போட்டுக்கொண்டாள்.

விடியற்காலையில் கறவைக் கொட்டகைக்குப் போனேன். நடுவில் ஒரு நீளப் பள்ளம், கறக்கிறவர்கள் அதில் நிற்கவேண்டும். இரண்டு பக்கமும் மேடையில் மாடுகள் பின்புறத்தைக் காட்டி வரிசையாக நிற்கும். மடி நம் தோள் உயரத்துக்கு இருக்கும், மற்றவை தலைக்குமேல். விஷயம் புரிந்ததும் நான் குடையை விரித்துக்கொண்டேன். செல்வி சிரித்த சிரிப்பில் மாடுகளே திரும்பிப் பார்த்தன. ஆனால் அவள் கை நிற்கவில்லை. மடியைத் துடைக்கிறாள், நாலு குழாயை மாட்டுகிறாள், அடுத்தது. ஒரு மாட்டின் மடியைத் தொட்டதுமே, "இவளுக்கு இன்னிக்குச் சூடா இருக்கு, தனியா விடணும்" என்று காலில் சிவப்பு நாடா கட்டினாள். என் அம்மா நெற்றியைத் தொட்டே எனக்குக் காய்ச்சல் பார்த்ததுபோல் இருந்தது.

மாடுகளில் ஒன்று எனக்குப் பழக்கமாகிவிட்டது. பெருத்த வெள்ளை நெற்றிக்காரி. எல்லா மாட்டுக்கும் முன்னால் அவள்தான் நடப்பாள், மற்றதெல்லாம் பின்னால். அந்த நடை அப்படியே என் மூத்த ஓரகத்தி நடை. அவளுக்கு அக்கா என்று பெயர் வைத்தேன். மாலையில் ஒரு தகர வாளியில் வெல்லப்பாகு கலந்த தீவனம் கொண்டுபோய் அவளுக்குக் கொடுப்பேன். வாளி ஓசை கேட்டால் தூரத்திலிருந்தே வருவாள்.

இதற்கு நடுவே வந்த வேலையையும் பார்த்தேன். அடையாறு கடையின் அளவு, வாடகை, எதிரில் பஸ் நிறுத்தம் இருப்பது எல்லாம் சொன்னேன்.

"ம்மா, எந்தக் குடம் எந்த ரேக்ல இருக்குன்னு நீ கண்ண மூடிக்கிட்டுச் சொல்வல்ல? எனக்கு இங்க அப்படி இருக்கு" என்றாள்.

"குடம் சாணி போடாதுட்டி" என்றேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

ஆனால் எனக்கு வேறு வழியில் நல்ல செய்தி வந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஜேனட், "என் முழங்கால் இனிமேல் தாங்காது. இந்த சீசனோடு மாடுகளை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். செல், உன்னிடம் முதலில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்" என்றாள். செல்வி தலையைக் குனிந்துகொண்டு உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கிக்கொண்டிருந்தாள். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு மனதுக்குள் தேங்காய் உடைத்தேன். மாடு இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் விசா இல்லை. என் மகள் தானாக வந்து அடையாறு கடையில் உட்காருவாள். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்து ஜேனட் முழங்கால் டாக்டரைப் பார்க்க மலைக்கு அந்தப் பக்கம் நகரத்துக்குப் போனாள். மறுநாள் மாலைதான் வருவாள். போகும்போது செல்வியிடம், "மழை வருமாம். உனக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான் உத்தரவு.

மழை மத்தியானமே வந்துவிட்டது. நான் சென்னைப் புயல்களைப் பார்த்தவள். கடைக்குள் இடுப்பளவு தண்ணீரில் அண்டாக்கள் மிதந்ததைப் பார்த்தவள். இது வேறு மாதிரி. துளி துளியாகப் பெய்யவில்லை, யாரோ மேலே நின்று அண்டா அண்டாவாகக் கவிழ்த்தார்கள். சாயங்காலக் கறவை முடிந்து மாடுகளை ஆற்றங்கரைப் புல்வெளிக்கு விட்டாயிற்று. அந்த வாரம் நல்ல புல் அங்கேதான் இருந்தது. செல்வி ஈரத்தோடு வாசலில் நின்று ஆற்றின் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதாம்மா?"

தடதடவென்று ஒரு சத்தம். வெள்ளம் ஆற்றுக்கடியில் கற்களை உருட்டும் சத்தமாம்.

"கரைக்கு இந்தப் பக்கம் வந்துடும். மாட்ட மேட்டுக்கு ஏத்தணும். வெளிச்சம் இருக்கும்போதே ஏத்தணும்" என்றாள். போனை எடுத்தாள், செத்துக் கிடந்தது. விளக்கைப் போட்டாள், எரியவில்லை. எதிர்ப் பண்ணையில் இருக்கும் டாம் என்ற கிழவருக்கும் இதே பாடாக இருக்கும், கூப்பிட்டுப் பயனில்லை. ஜேனட்டின் மழைக்கோட்டை எடுத்து என்மேல் மாட்டினாள். "நீ கேட்டத் தொறந்து பிடிச்சுக்கிட்டா போதும். வருவியா?"

இதில் நான் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்த நிமிஷம் எனக்கு அடையாறு கடை ஞாபகம் வரவே இல்லை. அவள் கேட்டாள், நான் பூட்ஸை மாட்டினேன்.

மாடுகள் வழக்கமாகச் சாலைக்கு அடியில் ஒரு கான்கிரீட் சுரங்கம் வழியாக மேட்டுப்பக்கம் போகும். போய்ப் பார்த்தால் சுரங்கத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. சாலைக்குமேல் ஏற்றித்தான் கடத்தவேண்டும். அதற்கு ஒரு கேட் உண்டு, இரண்டு மாடு சேர்ந்து நுழைய முடியாத அகலம். நான் அதைத் திறந்து கட்டினேன். செல்வி பின்னாலிருந்து பைக்கிலும் நாயோடும் மந்தையை ஓட்டி வந்தாள். இருநூற்றுச் சொச்சம் மாடுகள், மிரண்டுபோய், கேட் வாசலில் வந்து முட்டி நின்றன. முன்னால் இருப்பது நுழையப் பயப்படுகிறது, பின்னால் இருப்பது தள்ளுகிறது. நடுவில் ஒரு இளம்பசு கால் மடங்கி விழுந்தது. பின்னால் நாய் குரைக்கக் குரைக்க நெரிசல் கூடியது. வேலிக் கம்பம் ஒன்று சாய்ந்தது.

எனக்கு இது தெரியும். மாடு தெரியாது, கூட்டம் தெரியும்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடை வாசலில் இதே நிலைதான். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பின்னால் நின்று "போங்கம்மா, போங்க போங்க" என்று தள்ளுவார்கள், முன்னால் நசுங்கும். பரிமளா அப்படிச் செய்யவே மாட்டாள். உள்ளே போய் ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து டங்கென்று தட்டுவாள். "இன்னாம்மா அங்கியே நின்னுனு கீற, மாலு இங்க கீது" என்பாள். முன்னால் நிற்கிற பெண் உள்ளே வருவாள். அவ்வளவுதான், பின்னாலேயே தெரு வரும்.

"ஏட்டி, தள்ளாத! நாய நிறுத்து!" என்று கத்தினேன். செல்விக்குக் கேட்டது. பைக் நின்றது, நாய் படுத்தது. கேட் பக்கத்துக் கொட்டகை ஓரத்தில் என் தகர வாளி கிடந்தது. உள்ளே தீவனம் இல்லை, மழைத் தண்ணீர்தான். கொட்டிவிட்டு ஒரு கல்லை எடுத்துக்கொண்டு, கேட்டுக்கு அந்தப் பக்கம் சாலை நடுவில் போய் நின்று தட்டினேன்.

"அக்கா! வா அக்கா. வா வா வா."

கூட்டத்துக்குள் ஒரு வெள்ளை நெற்றி நிமிர்ந்தது. மற்ற மாடுகளை இடித்துக்கொண்டு முன்னால் வந்தது. கேட்டில் ஒரு கணம் நின்றது. நான் பின்வாங்கிக்கொண்டே தட்டினேன். ஓரகத்தி ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. அப்புறம் தன் வழக்கப்படி, எல்லோரும் எனக்குப் பின்னால்தான் என்கிற நடையோடு, சாலையைக் கடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று. விழுந்து கிடந்த இளம்பசு இடம் கிடைத்ததும் எழுந்து வரிசையில் சேர்ந்துகொண்டது. நான் வெறும் வாளியைத் தட்டிக்கொண்டே மேடேறினேன். மூச்சு வாங்கியது, பூட்ஸுக்குள் தண்ணீர் சளசளத்தது. திரும்பிப் பார்த்தால் மந்தை முழுவதும் என் பின்னால் வந்துகொண்டிருந்தது. நிறுத்தவும் பயம், ஓடவும் பயம். மேட்டுப் புல்வெளிக்குள் நுழைந்து ஓரமாக விலகி நின்றேன். எல்லாம் உள்ளே போயின.

எல்லாம் இல்லை. கீழே செல்வி நின்றுகொண்டிருந்தாள். ஆற்றுப் பக்கம் இரண்டு இளம்பசுக்கள் ஒரு திட்டில் மாட்டிக்கொண்டு கத்தின. அவற்றுக்கும் இவளுக்கும் நடுவே பழுப்புத் தண்ணீர் ஓடியது.

"போகாதட்டி. ரெண்டுதான, போகட்டும்" என்றேன் ஓடிவந்து.

அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. வேலிக் கம்பங்களைப் பார்த்தாள். "அங்க பாரும்மா. கீழேர்ந்து ரெண்டாவது கம்பி தெரியுது. அது தெரியற வரைக்கும் என் முழங்காலுக்கு மேல வராது. அது முங்கிட்டா நானே போகமாட்டேன். நீ அந்தக் கம்பியவே பாத்துக்கிட்டு நில்லு. முங்கினா கத்து."

கம்பியைப் பார்த்தேன். அதைத்தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. முருகா முருகா என்று சொன்னேனா, கம்பி கம்பி என்று சொன்னேனா தெரியாது. அவள் வேலியைப் பிடித்தபடி போனாள், நாய் நீந்திப் போனது. நாய் அந்தப் பக்கமாக வளைத்துக்கொண்டு வந்து விரட்ட, இரண்டு இளம்பசுக்களும் தண்ணீரில் குதித்து இவள் பக்கம் வந்தன. கம்பியின்மேல் தண்ணீர் தொட்டது. நான் கத்தினேன். அவள் அப்போது கரையேறிக்கொண்டிருந்தாள்.

மேட்டில் எண்ணிப் பார்த்தாள். இரண்டு தடவை எண்ணினாள். ஒன்றுகூடக் குறையவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வேலியில் சாய்ந்து நின்று, காரணமில்லாமல் சிரித்தோம்.

காலையில் பார்த்தபோது ஆற்றங்கரைப் புல்வெளி ஏரியாகக் கிடந்தது. கரை உடைந்திருந்தது. ஊருக்கு இரண்டு பக்கமும் சாலை சரிந்துவிட்டதால் பனியாறு பார்க்கப் போனவர்களும் வந்தவர்களும் ஊர் மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். மின்சாரம் இல்லை. டாம் தன் டிராக்டரில் ஒரு ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் முறை வரும்போது மத்தியானம். மடி கனத்து மாடுகள் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அடங்கினதும்தான் டாம் வாயைத் திறந்தார். "நேற்று நீங்கள் சாலையைக் கடந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். உதவிக்கு வரலாம் என்று பூட்ஸை மாட்டினேன். மாட்டி முடிப்பதற்குள் நீங்கள் முடித்துவிட்டீர்கள்" என்றார்.

பால் வண்டி வர வழியில்லை. தொட்டி நிறைந்துவிட்டது, அடுத்த கறவைக்கு இடம் வேண்டும், கொட்டத்தான் வேண்டும் என்றாள் செல்வி. குழாயில் கை வைத்தபோது அவள் முகம் சுண்டிப்போனது.

"பாலக் கொட்டாதட்டி. அந்த மண்டபத்துல எத்தன பேரு கெடக்காங்க?"

"எவ்ளோ பாலும்மா குடிப்பாங்க?"

"குடிக்க வேண்டாம். திங்கட்டும்."

மண்டபத்துச் சமையல்கட்டில் எல்லாம் கைப்பிடி வைத்த சின்னச் சின்னப் பாத்திரங்கள். பாத்திரக்காரி என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னால் கொட்டகையில், ஊர்த் திருவிழாவுக்கு மீன் பொரிக்கும் ஒரு இரும்புச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. வாயகலம், அடிக்கனம். தட்டிப் பார்த்தேன், விரிசல் இல்லை. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, கூரைக்கடியில் விறகடுப்பு மூட்டி, பாலை ஊற்றினேன். எங்கள் ஊர்ப் பக்கம் பால்கோவாவுக்குப் பாலும் சர்க்கரையும் பொறுமையும்தான். கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். என் கை ஓய்ந்ததும் ஒரு ஜெர்மன்காரர் கிண்டும் துடுப்பை வாங்கினார். அவருக்குப்பின் ஒரு சீனத்துத் தம்பதி. பனியாறு பார்க்க முடியவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தவர்கள் வரிசையில் நின்று முறை கேட்டுக் கிண்டினார்கள். ஊர்க்காரர்கள் ரொட்டியும் ஆட்டுக்கறியும் கொண்டுவந்தார்கள். பால் சுண்டி, சிவந்து, திரண்டு வந்தபோது மண்டபம் மொத்தமும் அடுப்பைச் சுற்றி நின்றது.

சூடாகக் கரண்டி கரண்டியாக வைத்தேன். டாம் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "நாற்பது வருஷமாகப் பால் கறக்கிறேன். இது பாலிலிருந்துதான் வந்ததா?" என்றார். மறுநாளும் அதற்கு மறுநாளும் சட்டி இறங்கவில்லை. கொட்டின பாலும் உண்டு, அது மனதை அறுத்தது. ஆனால் ஊரில் யாரும் வெறும் வயிற்றோடு படுக்கவில்லை.

சாலை திறந்ததும் முதல் வண்டியிலேயே ஜேனட் வந்து இறங்கினாள். ஏரியாகிக் கிடந்த புல்வெளியை முதலில் பார்த்தாள். அவள் கை வாய்க்குப் போனது. பிறகு மேட்டைப் பார்த்தாள். வேலியோரமாக ஆடி ஆடி நடந்து மாடுகளுக்கு நடுவில் போனாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை. வந்தபோது செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் விற்கப்போவதில்லை. அடுத்த சீசனிலிருந்து பண்ணையை நீ நடத்து. பாலில் எனக்கு ஒரு பங்கு, உனக்கு ஒரு பங்கு. நான் வரவுசெலவு மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்."

செல்வி என்னைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய பெண், வெள்ளத்தில் வேலியைப் பிடித்துக்கொண்டு போனவள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்தால் மறுக்கமாட்டாள் என்று வீட்டுக்காரர் சொன்னது சரிதான்.

"என்னட்டி பாக்க? சரின்னு சொல்லு" என்றேன்.

அன்றைக்கே போன் பேச வழி கிடைத்தது. வீட்டுக்காரர் எடுத்ததும், "எப்ப வாரிய ரெண்டு பேரும்?" என்றார்.

"நான் மட்டும்தான் வாரேன்."

உஸ்மான் சாலை ஹாரன்கள் மட்டும் கேட்டன. நடந்ததை எல்லாம் சொன்னேன். அடையாறு கடைக்கு யார் என்று கேட்டார். பரிமளாவை உட்கார வையுங்கள், அவளைவிடக் கூட்டம் தெரிந்தவர் நம்மிடம் யார் இருக்கிறார்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் நின்றார்.

"மாடு மொத்தம் எத்தன?"

"இருநூத்துச் சொச்சம்."

"அத்தனையும் இவ ஒத்தையிலயா பாத்துக்கிடுதா?"

"ஒத்தையிலதான்."

"நம்ம கடையில பதினோரு பேரு இருந்தும் ஸ்டாக் சரியா வர மாட்டேங்கு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ போட்டோ ஒண்ணு அனுப்பு. நல்லாத் தெளிவா. கடையில மாட்டணும், நாலு பேரு கேக்காங்க" என்றார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் மேகம் விலகியது. இரண்டு கறவைக்கும் நடுவில் செல்வி என்னைப் பனியாறு பார்க்கக் கூட்டிப்போனாள். ரப்பர் உடுப்பைக்கூட மாற்றவில்லை, நேரமில்லை என்றாள். ஒற்றையடிப் பாதையில் ஏறி ஒரு மேட்டில் நின்றோம். எதிரே மலையிடுக்கில் அது கிடந்தது. தூத்துக்குடி உப்பளத்து அம்பாரம் ஒன்று மலைமேலிருந்து சரிந்து பாதியில் நின்றமாதிரி, அடியில் அழுக்கும் உச்சியில் கண் கூசும் வெள்ளையுமாக, நடுவே நீலக் கீறல்களோடு. ஜேனட் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாங்கள் நின்ற மேட்டுக்குப் பக்கத்திலேயே பனி இருந்ததாம். இப்போது எவ்வளவோ உள்ளே போய்விட்டது. பெரிய காட்சிதான், இல்லை என்று சொல்லமாட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. யாரோ திரும்பிப் பார்த்து, "அந்த இனிப்பு அம்மா" என்றார்கள். மண்டபத்தில் துடுப்புப் பிடித்த ஜெர்மன்காரர். அவர் பக்கத்தில் இருந்தவர்களிடம் சாலையைக் காட்டி, வாளி தட்டிக் காட்டி, செல்வியைக் காட்டி என்னவோ விளக்கினார். ஒருவர் வந்து எங்களோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்றார். பிறகு இன்னொருவர். கடைசியில் எல்லோருமே இந்தப் பக்கம் திரும்பி எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். இவ்வளவு தூரம் பறந்து எதைப் பார்க்க வந்தார்களோ அது அவர்கள் முதுகுக்குப் பின்னால் கிடந்தது.

அந்தப் படத்தில் ஒன்றைத்தான் வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவர் அதைப் பெரிதாக்கிக் கல்லாவுக்குமேல் மாட்டியிருக்கிறார். பனியாறு ஓரத்தில் பாதிதான் தெரிகிறது. செல்வி முழுசாகத் தெரிகிறாள், பூட்ஸோடு.